கடல் வற்றியிருந்த ஒன்றரை மணி நேரம்

செந்தில்,

போன சனி, ஞாயிறு நான் உன்னிடம் சொன்னபடி கிர்க்கியில் உன் சித்தி வீட்டில் இல்லை. அலிபாக்கில் இருந்தேன். கடலுக்கு நடுவில் நிற்கிற கோட்டைக்கு நடந்து போய், நடந்தே திரும்பினேன். மறுநாள் கோர்லாயில் இன்னொரு கோட்டைமேல் ஏறினேன். என் முழங்கால் இரண்டும் அதனதன் இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடி. பிறகு மேலே படி.

இதைப் போனில் சொல்லாமல் தமிழில் எழுதி அனுப்புகிறாளே என்று பல்லைக் கடிப்பாய். கடி. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நான் "அலிபாக்" என்று முடிப்பதற்குள் நீ கத்த ஆரம்பித்துவிடுவாய். இந்தக் காகிதத்திடம் கத்த முடியாது. சின்ன வயதில் தினசரி காலண்டரின் கிழித்த தாள்களை வைத்து உனக்கு நான் எழுத்து சொல்லிக்கொடுத்தது வீணாகப் போகவில்லை என்று எனக்கும் தெரிய வேண்டும் அல்லவா? இன்னொன்று. உன் பெண்டாட்டி ப்ராச்சிக்கு எல்லாம் தெரியும். ஷூ வாங்கிக்கொடுத்ததே அவள்தான். "ஆயி, நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்று அவளுக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில் சொன்னாள். அவளை ஒரு வார்த்தை திட்டினாய் என்று தெரிந்தால் நான் சும்மா இருக்கமாட்டேன்.

எழுத வேண்டிய அவசரம் என்னவென்று உனக்கே தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ வண்டி எடுத்துக்கொண்டு வரப்போகிறாய். உன் பாணேர் வீட்டில் எனக்கு அறை தயார், பாத்ரூமில் கைப்பிடி வைத்தாகிவிட்டது, நான் இருக்கும் விஷ்ராந்த்வாடி வீட்டை வாடகைக்கு விடும் தாளில் என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. போன மழைக்காலத்தில் நான் பாத்ரூமில் வழுக்கி விழுந்த நாளிலிருந்து இதையே சொல்கிறாய். அப்பா போன பிறகு நீ சொல்லும் எதையும் நான் தட்டியதில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போதுகூட "பிடிச்சுக்கோம்மா" என்றாய், பிடித்துக்கொண்டேன். தாளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாய். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன். கையெழுத்துப் போடலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், இந்தப் பயணம் போவதற்கு முந்தின நாள்வரை அப்படித்தான் இருந்தேன்.

நான் காலையில் கோயிலுக்குப் போகிறேன் என்று நீ நினைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஆளந்தி ரோடில் நடந்துகொண்டிருந்தேன். பன்னிரண்டு பேர் கொண்ட கூட்டம் அது. எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பெரும்பாலும் மராத்திக்காரர்கள். தமிழ் பேச எனக்குத் துணை ஸ்டெல்லா ஒருத்திதான். கேம்ப் பகுதிப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக முப்பது வருஷம் கத்திக் கத்திக் குரல் பெருத்தவள். தலைவர் கேல்கர் சார், இன்ஜினியராக இருந்தவர். அவர் எந்தப் பயணத்துக்கும் நிமிஷ வாரியாக நேரம் எழுதி, அதைப் பிளாஸ்டிக் உறை ஒட்டி லேமினேட் செய்த அட்டையாகக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வார். ஒரு நாளைக்கு ஓர் அட்டை. டீ குடிக்கும் நேரம், ஒண்ணுக்குப் போகும் நேரம் எல்லாம் அதில் இருக்கும். நடக்கும்போது அவர் முதலில், நான் கடைசியில். வளைவுக்கு வளைவு எல்லாரும் எனக்காக நின்று காத்திருப்பார்கள். நான் வந்து சேர்ந்ததும் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். எனக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. எட்டு மாசமாக இந்தக் கூத்துதான்.

இந்த முறை திட்டம், சனிக்கிழமை கோர்லாய், ஞாயிற்றுக்கிழமை அலிபாக் கடல்கோட்டை. விடியற்காலை வேன் கிளம்பி காட் மலைப்பாதையில் இறங்கும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். காலண்டர் தாளைக் கிழித்துவிட்டு வந்தவள் அல்லவா? "இன்னைக்குச் சங்கடஹர சதுர்த்தி. அந்தக் கடல்கோட்டைக்குள்ள பிள்ளையார் கோயில் இருக்காமே, இன்னைக்கே அங்க போனா என்ன?" என்று ஹிந்தியில் கேட்டுவிட்டேன். வேனில் பாதிப் பேர் என்னைப்போலவே விரதம். டப்பாவில் ஜவ்வரிசிக் கிச்சடி கட்டிக்கொண்டு வந்தவர்கள். "சங்கஷ்டி, சங்கஷ்டி!" என்று ஒரே ஆரவாரம். கேல்கர் சாருக்கும் பக்தி உண்டு. கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். "இவ்வளவுதான், மாத்தியாச்சு" என்றார். எட்டு மாசத்தில் முதல் தடவையாக நான் சொன்னதை ஒரு கூட்டம் கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்பது மணிக்குக் கரையில் இறங்கினோம். அந்தக் கோட்டைக்குப் பாலம் கிடையாது. கடல் வற்றும்போது தரை தெரியும், அப்போது நடந்து போகலாம். குதிரை வண்டியும் போகும். கடல் ஏறிவிட்டால் கோட்டை தனித்தீவு. சார் அட்டையில் "நீர் வற்றும் நேரம் 9.45, திரும்ப வேண்டிய நேரம் 11.15" என்று இருந்தது. நாங்கள் போனபோதே தண்ணீர் வடிந்து ஈரமணல் பளபளவென்று கிடந்தது. "முக்கால் மணி முன்னாடியே வழி விட்டுடுச்சு, கடலுக்கே நம்ம மேல பிரியம்" என்று சார் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். என்ன புத்தியோ!

எனக்குத் தண்ணீர் என்றாலே பயம், உனக்குத் தெரியும். அங்கே கருவாடு விற்றுக்கொண்டிருந்த மீனவப் பெண்ணிடம், கடல் எப்போது வற்றும் என்று உங்களுக்கு யார் சொல்கிறார்கள் என்று கேட்டேன். என் வயதுதான் இருக்கும். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யார் சொல்லணும்? திதிதான் சொல்லும்" என்றாள். திதி எத்தனையோ அதில் கால் பங்கைத் தள்ளினால் தண்ணீர் நிறையும் மணி. சதுர்த்தி என்றால் நாலு, நாலில் ஒன்று போனால் மூன்று. மூன்று மணிக்கு நிறையும். அதற்கு ஆறு மணி நேரம் முன்னால், ஒன்பதுக்கு, வற்றும். வற்றின பிறகு ஒன்றரை மணி நேரம்தான் நடக்க வழி என்று சொல்லிவிட்டு, "கருவாடு வேணுமா?" என்றாள். விரத நாளில் கருவாட்டைத் தொடுவேனா? கணக்கை மட்டும் வாங்கிக்கொண்டு, நல்ல கணக்காக இருக்கிறதே என்று ரசித்துக்கொண்டே போனேன். அதற்கும் சார் கழுத்து அட்டைக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை.

கோட்டைக்குள் நன்னீர்க் குளம் இருக்கிறது, செந்தில். சுற்றிலும் உப்புக்கடல், உள்ளே குடிக்கிற தண்ணீர்! பிள்ளையாரை நன்றாகத் தரிசித்தேன். உன் பெயரைச் சொல்லித்தான் வேண்டிக்கொண்டேன், என் முழங்காலை அப்புறம்தான் சொன்னேன். தரிசனம் முடிந்து எல்லாரும் பின்பக்க மதிலுக்குப் பீரங்கி பார்க்கப் போனார்கள். நான் வழக்கம்போல் கடைசி. திரும்பிப் பார்த்தால், கொஞ்ச நேரம் முன்பு ஜேஜே என்று இருந்த கோயில் வாசலில் ஈ காக்காய் இல்லை. பூக்காரி கூடையைக் கட்டிக்கொண்டு வேகமாகக் கோட்டை வாசலைப் பார்த்துப் போகிறாள். சதுர்த்தியன்று பிள்ளையார் கோயில் வாசலில் பத்தேகால் மணிக்குக் கடை கட்டுகிற பூக்காரியை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பதுக்கு வற்றியது. ஒன்றரை மணி நேரம். பத்தரை.

ஓடினேன். ஆமாம், ஓடினேன். மதில்மேல் சார் ஒரு பீரங்கியைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் கழுத்து அட்டையைப் பிடித்துத் திருப்பி முதலில் தலைப்பைப் பார்த்தேன். பிம்ப்ரி மருந்துத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் பேக்கிங் பிரிவில் எனக்கு அதுதான் வேலை. பெட்டிக்குள் என்ன மருந்து என்று பார்க்கும் முன்பு லேபிளில் தேதி என்ன என்று பார்க்க வேண்டும். தேதி தப்பென்றால் உள்ளே அமிர்தமே இருந்தாலும் பெட்டி நகரக் கூடாது. அட்டையின் தலைப்பில் கொட்டை எழுத்தில் ஞாயிற்றுக்கிழமை என்று இருந்தது.

"சார், இது நாளைய அட்டை. இன்னைக்கு சனிக்கிழமை. உடனே கிளம்பணும்" என்றேன்.

"அரே தாயி, பதினொண்ணேகால் வரைக்கும் நேரம் இருக்கு. நிதானமா இருங்க" என்றார். தாயி என்றால் அங்கே அக்கா. அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே என்னைக் குழந்தையாக்கினார். நீ "பிடிச்சுக்கோம்மா" என்பாயே, அதே குரல். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை, எட்டு மாசமாகக் குரலை உயர்த்தாத நான் அந்த மதில் அதிரக் கத்தினேன். "நாளைக்குப் பஞ்சமி! அஞ்சுல கால் பங்கு போனா மூணே முக்கால்! அதனாலதான் அட்டையில ஒன்பதே முக்கால்னு போட்டிருக்கு! இன்னைக்கு சதுர்த்தி, ஒன்பது மணிக்கே வத்திடுச்சு! கோட்டையில நம்மளத் தவிர யாராவது இருக்காங்களா பாருங்க!" பாதி ஹிந்தி, பாதி மராத்தி, கோபத்தில் தமிழும் கலந்து வந்தது. சார் அட்டையைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். கூட்டத்தில் இருந்த எல்லாரும் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

வாசலுக்கு வந்தபோது பாறைகளைச் சுற்றித் தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது. கடைசிக் குதிரை வண்டிக்காரன் தூரத்திலிருந்து "சலா, சலா!" என்று கிளம்பச் சொல்லிக் கையை வீசிக் கத்திக்கொண்டே போய்விட்டான். சார் பழக்கத்தில் முன்னால் கால் வைத்தார். "நில்லுங்க சார்" என்றேன். "மெதுவா நடக்கறவங்கதான் முன்னாடி. நான் முதல்ல. வேகமா நடக்கறவங்க கடைசி. யாரும் கையை விடக் கூடாது." அவர் பின்னால் போய் நின்றார். ஸ்டெல்லா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அரே பாப்ரே, என்னால முடியாதுடி, இயேசப்பா, நான் இங்கயே இருந்துடறேன், நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க" என்று அழுதாள். "நாளைக்கு வரதுக்குள்ள உன்னை நண்டு தின்னுடும், வாடி பேசாம" என்று இழுத்தேன். கணுக்கால், அப்புறம் முழங்கால். நடுவில் ஒரு பள்ளம், அங்கே தொடை வரைக்கும் ஏறியது. புடவை கனத்தது. பயமாக இல்லையா என்று கேட்டால், இருந்தது. ஆனால் என் பின்னால் பதினோரு பேர் கையைக் கோர்த்துக்கொண்டு வருகிறார்கள், நான் நின்றால் அத்தனை பேரும் நிற்பார்கள் என்று தெரியும். அதனால் கால் தானாக நடந்தது. கரை ஏறி, ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை இரண்டு முறை தலையை எண்ணினேன்.

பதினொன்றேகாலுக்குக் கரையில் உட்கார்ந்து கோகம் பழச் சர்பத் குடித்தோம். நாங்கள் நடந்து வந்த இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது, பாதை இருந்ததற்குத் தடமே இல்லை. கேல்கர் சார் எழுந்து வந்து எல்லார் முன்னாலும் என்னைக் கைகூப்பிக் கும்பிட்டார். பிறகு கழுத்து அட்டையைக் கழற்றிக் கிழிக்கப் பார்த்தார். லேமினேட் அட்டை எங்கே கிழியும்? முறுக்கினார், மடக்கினார், பல்லால்கூடக் கடித்துப் பார்த்தார். அழுதுகொண்டிருந்த ஸ்டெல்லாவே விழுந்து விழுந்து சிரித்தாள். திட்டத்தை மாற்றச் சொன்னது நான்தான், தப்பில் எனக்கும் பங்கு உண்டு என்று சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் கோர்லாயில் கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் படி ஏறினோம். என்னை முதலில் விட்டு, என் வேகத்துக்கு எல்லாரும் பின்னால் வந்தார்கள். எனக்கு மூச்சு வாங்கினால் பன்னிரண்டு பேருக்கும் ஓய்வு. உச்சியில் நின்றால் மூன்று பக்கமும் நீலம். கீழே ஒரு சின்ன ஊர், அங்கே பழைய போர்த்துக்கீசியக் காலத்திலிருந்து வந்த தனி மொழியை வீட்டுக்குள் பேசுகிறார்கள், வெளியே வந்தால் மராத்தி. "நம்மள மாதிரியேடி" என்றாள் ஸ்டெல்லா. இரண்டு பேரும் அவ்வளவு உயரத்தில் நின்று தமிழில் கத்தினோம். என்ன கத்தினோம் என்று கேட்காதே. எனக்கு அவ்வளவு சந்தோஷம், செந்தில். உன் அப்பா போன பிறகு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததே இல்லை.

இனி எழுதப்போவதுதான் கஷ்டம். நீ ஜூனியர் காலேஜ் படித்தபோது, மழைக்கால விடுமுறையில் உன் கூட்டாளிகள் ராஜ்கட் மலைக்கோட்டை ஏறப் போனார்கள். நீ பையெல்லாம் கட்டி வைத்துவிட்டாய். விடியற்காலை நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தேன். நீ பையை அப்படியே போட்டுவிட்டு என் காலடியில் உட்கார்ந்தாய். அன்று முழுக்க ஓர் இடத்துக்கும் நகரவில்லை. அன்று எனக்கு நெஞ்சுவலி இல்லை, செந்தில். ஒன்றுமே இல்லை. மலை வழுக்கும், நீ விழுந்துவிடுவாய் என்ற பயம்தான். வேண்டாம் என்று சொன்னால் கேட்கமாட்டாய் என்று நடித்தேன். உன் அப்பாவுக்குத் தெரியும். "பையனுக்கு என்னத்தக் கொடுக்கறோம்னு யோசிச்சுப் பாரு" என்று ஒரு தடவை சொன்னார், அப்புறம் சொல்லவில்லை. கூட்டாளிகள் திரும்பி வந்து கதை சொன்னபோது நீ சிரித்துக்கொண்டே கேட்டாய். நான் சமையலறையில் நின்று அதைப் பார்த்தேன். அன்றாவது சொல்லியிருக்க வேண்டும்.

அந்த நாளுக்குப் பிறகு நீ எங்குமே போகவில்லை. பெங்களூரில் நல்ல வேலை வந்தது, அம்மாவுக்கு நெஞ்சுவலி வரும் என்று மறுத்தாய். இரண்டு வருஷம் வெளிநாடு போகச் சொன்னார்கள், அதையும் மறுத்தாய். ஊரெல்லாம் என் பிள்ளையைப்போல் உண்டா என்று நான் பெருமை அடித்துக்கொண்டேன். இன்றைக்கும் தினமும் போன் செய்து முதல் வார்த்தையாக "நெஞ்சு எப்படி இருக்கு?" என்று கேட்கிறாய். நான் வெட்கமில்லாமல் "பரவால்லப்பா" என்கிறேன். இல்லாத வலிக்கு இத்தனை வருஷம் காவல் இருந்திருக்கிறாய். உன் வீட்டுப் பாத்ரூமில் நீ வைத்த கைப்பிடியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உன்மேல் கோபம் வரும். கடலுக்குள் தொடையளவு தண்ணீரில் நிற்கும்போதுதான் அந்தக் கோபம் யார்மேல் வர வேண்டியது என்று புரிந்தது. உன் பயம் உன்னுடையது இல்லை. நான் உனக்கு ஊட்டியது. என்னை மன்னித்துவிடு. திட்ட வேண்டுமென்றால் திட்டு, அதற்குப் போன் செய்யலாம்.

கையெழுத்துப் போடவில்லை. தாளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்து வா, ப்ராச்சியையும் கூட்டி வா, மூன்று பேருமாக உட்கார்ந்து சாப்பிடலாம். என் பெட்டியை மட்டும் ஏற்றாதே. கைகால் விழுந்து எனக்கு முடியாமல் போனால் அப்போது உன்னிடம்தான் வருவேன், வேறு யாரிடம் போவேன்? இப்போது முடிகிறது. கூட்டத்தின் அடுத்த பயணத்துக்கு நேர அட்டை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். லேமினேட் செய்யப்போவதில்லை.

நான் வெளியே கிளம்பும் ஒவ்வொரு நாளும் உனக்குப் பயமாக இருக்கும், எனக்குத் தெரியும். அந்தப் பயத்தோடுதான் நானும் உன்னை வாசலில் நிறுத்தினேன். நான் செய்ததை நீ செய்யாதே, கண்ணா. பயப்படு, பயந்துகொண்டே என்னை விடு.

அம்மா